சோறும் கள்ளும் ஊர்ப்பேச்சும்: வட்டார எழுத்தாளர்களின் நூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டியில் என் வீட்டு முன்னறையில் நான்கு அலமாரி நிறைய நூல்கள் இருக்கின்றன. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவற்றை இரவல் கொடுக்கத் தொடங்கினேன். எடுத்துப் போகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றைத்தான்: சாப்பாட்டையும் ஊர்வாழ்க்கையையும் பற்றி ஊர்க்காரர்களே எழுதியது ஏதாவது இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வட்டார எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு நிலத்தின் பேச்சு, தொழில், மழை, சாப்பாடு ஆகியவற்றை அங்கேயே பிறந்து வளர்ந்தவர் உள்ளிருந்து எழுதுவது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கொங்கு நாட்டுக் குடியானவர்களின் வாழ்க்கையை அவர்களுடைய பேச்சோடு நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி அது. அதன்பின் கரிசல், நாஞ்சில் நாடு, கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாடு, கடற்கரை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் எழுத்தாளர்கள் வந்தார்கள்.

எந்த நூலில் தொடங்குவது?

நான் கரிசல்காரன், அதனால் கி. ராஜநாராயணனைத்தான் முதலில் கையில் கொடுப்பேன். இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடைசெவல்தான் அவருடைய ஊர். 1976இல் வந்த ‘கோபல்ல கிராமம்’, தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே வந்து காட்டைத் திருத்தி ஊராக்கிய கதை. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்கள் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை எடுத்துக்கொள்ளலாம். அதை எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் ஒரு மனிதர் எழுந்து வந்து நம் எதிரில் உட்கார்ந்துகொள்வார்.

இந்த நூல்களைப் படிப்பதற்கு முன் கரிசல் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால்தான் விதைப்பு. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, பருத்தி ஆகியவைதான் இந்த மண்ணுக்குத் தெரிந்த பயிர்கள். ஆகவே நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. காய்ச்சலில் படுத்தவர்களுக்கும் கிடைக்கும். என் பாட்டி காலத்தில் அரிசி உலை கொதிக்கிறது என்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று தெரு முழுவதும் தெரிந்துகொள்ளும். இது புரிந்துவிட்டால் இந்த எழுத்தாளர்கள் ‘நெல்லுச்சோறு’ என்று ஒரு சொல் எழுதும்போது அதற்குள் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

அதே இடைசெவலில் பிறந்தவர்தான் கு. அழகிரிசாமி. அவருடைய ‘ராஜா வந்திருக்கிறார்’ சிறுகதையை இதோடு சேர்த்துப் படியுங்கள். தீபாவளிக்கு முதல்நாள் இரவு, மிக ஏழ்மையான ஒரு வீட்டு வாசலுக்கு அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அந்த வீட்டுத் தாய் அவனை என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. நாற்பது ஆண்டுகளாக வகுப்பில் அதைப் படித்துக் காட்டினேன். ஒருமுறைகூடக் குரல் உடையாமல் முடித்ததில்லை.

சமையல் நூல் இருக்கிறதே, உணவுக்காக நாவலை எதற்குப் படிக்க வேண்டும்?

சமையல் நூல் ‘கம்பு ஒரு ஆழாக்கு’ என்று தொடங்கும். அந்த ஒரு ஆழாக்கு எங்கிருந்து வந்தது, யார் குத்தினார்கள், எத்தனை பேருக்குப் பங்கு வைத்தார்கள், கடைசியில் பானையைச் சுரண்டியவள் யார் என்பதெல்லாம் அதில் இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

கம்மஞ்சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் போட்டுக் குத்த வேண்டும். உமி கழன்றதும் சுளகில் புடைத்து, மறுபடியும் இடித்து, குருணையையும் மாவையும் பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை, அது வெந்த பிறகு மாவு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டு வேலை முடித்து வந்த பெண் இதையெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு செய்தாள். மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் காலையில் கரைத்துக் குடிக்கக் கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு வெங்காயம், அல்லது மிதுக்கு வற்றல். மழைக்காலமாக இருந்தால் அதலக்காய். யாரும் விதைக்காமல் கரிசல் காட்டில் தானாகப் படர்ந்து காய்க்கும் சின்னக் கசப்புக் காய் அது. மழை முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். இந்த வேலையின் பாரம் ஒரு செய்முறைக் குறிப்பில் இறங்காது. கதையில் ஒரு பெண் உலக்கையைச் சாத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள் என்று ஒரு வரி வந்தால் அங்கே இறங்கிவிடும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இன்னொரு விதம். கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தகப்பனும் காட்டிலும் மலையடியிலும் மறைந்து திரிகிறார்கள். கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள். துரத்தப்படும் இருவர் அடுப்புக் கூட்டுவதை அவ்வளவு பொறுமையாக எழுதியதால்தான் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையிலான பாசம் நமக்குள் இறங்குகிறது. அதைத் தழுவி எடுத்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டேன், நூல் எதற்கு என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

நாஞ்சில் நாட்டு உணவைப் பற்றி எதைப் படிக்கலாம்?

நாஞ்சில் நாடனை. வேறு யாரையும் முதலில் தேட வேண்டாம். வீரநாராயணமங்கலத்தில் 1947இல் பிறந்தவர், ‘சூடிய பூ சூடற்க’ தொகுப்புக்காக 2010இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். முதல் நாவலான ‘தலைகீழ் விகிதங்கள்’ (1977) தொடங்கி அவர் எழுத்தில் பந்திக்கும் அடுக்களைக்கும் தனி இடம் உண்டு. ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ ஒரு சமூகத்தின் வீடு, சடங்கு, சாப்பாடு ஆகியவற்றைப் பேசும் கட்டுரை நூல். ‘நாஞ்சில் நாட்டு உணவு’ என்று தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைத்தான் நாஞ்சில் நாடு என்பார்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழிவந்த ஆட்சியின் கீழ் இருந்த மண். அதனால் அந்த அடுப்பில் தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கொதிக்கின்றன. அவியல், எரிசேரி, புளிச்சேரி, துவரன் ஒரு பக்கம், வறுத்தரைத்த தேங்காயின் கருமை ஏறிய தீயல் ஒரு பக்கம். குளமும் வயலும் நிறைந்த நாடு, தேங்காய்க்குப் பஞ்சமில்லை. எங்கள் கரிசலிலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் சாப்பாட்டில் அது வேறு நாடு.

ருசியைச் சொல்வதற்காக மட்டும் அவரைப் படிக்காதீர்கள். ‘யாம் உண்பேம்’ என்ற சிறுகதை நாஞ்சில் நாட்டில் நடப்பதுகூட இல்லை, மகாராஷ்டிரத்தில் நடக்கிறது. பயணத்தில் ஒருவர் சாப்பாட்டைப் பிரிக்கிறார். பசித்த முதியவர் ஒருவர் கை நீட்டுகிறார். அவர் வாயிலிருந்து வருவது ‘பிச்சை போடு’ என்ற சொல் அல்ல. ‘உண்போம்’ என்ற பொருளில் மராத்தியில் ஒரு சொல். விருந்துச் சமையலை இத்தனை ருசியாக எழுதத் தெரிந்தவர்தான் இந்தக் கதையையும் எழுத முடியும் என்பது என் உறுதியான எண்ணம். பசி தெரியாதவருக்குப் பந்தியைப் பற்றி என்ன தெரியும்?

வைன் பற்றித் தமிழ் வட்டார எழுத்தில் ஏதாவது உண்டா?

வேறு நாடுகளில் திராட்சைத் தோட்டமும் வைனும் எந்த இடத்தில் இருக்கின்றனவோ, அந்த இடத்தில் நம்மிடம் பனையும் தென்னையும் கள்ளும் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறது, அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் நம் ஊர்க்கதைகளில் ஊறியிருப்பது கள்தான்.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், 235ஆம் பாட்டு, கள்ளில்தான் தொடங்குகிறது. கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் உண்டு மகிழ்வான் என்கிறார். ஒரு மன்னனின் நட்பை அளக்க அவருக்குக் கள்தான் அளவுகோலாக இருந்திருக்கிறது.

பனையேறியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) போதும். கன்னியாகுமரி மாவட்டப் பனங்காட்டு ஊர். பழம்பெருமை பேசும் வீட்டில் பிறந்த லிஸிக்கும் பனையேறித் தங்கராஜுக்கும் இடையே உண்டாகும் அன்பு. மிகவும் ஒடுங்கிய குரலில் எழுதப்பட்ட நாவல், அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் வாடாமல் இருக்கிறது. அந்தப் பகுதியில் பதநீரை அக்கானி என்பார்கள். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாமல் விட்டால் புளித்துக் கள். காலையும் மாலையும் மரம் ஏறியாக வேண்டும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. அடுப்புப் புகையில் அவர்கள் கண்ணும் சேர்ந்து காயும்.

கொங்குப் பக்கம் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் காளியும் அவன் மைத்துனன் முத்துவும் சேர்ந்து குடிக்கும் இடங்களைக் கவனியுங்கள். கள் அங்கே வெறும் போதை அல்ல. சொல்ல வாய்வராததைச் சொல்ல வைக்கிறது, ஒருவனை ஏமாற்றவும் உதவுகிறது.

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குக் கள்ளுக்கடை என்பதே நூலில் மட்டும் இருக்கும் இடம். பாளை, கலயம், முட்டி என்ற சொற்களின் பொருளைக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு நான் இங்கே வரவில்லை. ஒரு தொழில் மறையும்போது அதன் சொற்கள் எங்கே போய்த் தங்குகின்றன என்று கேட்டால், இந்த நாவல்களில் என்று சொல்வேன்.

ஊர்வாழ்க்கை நூல்கள் என்றால் மனதுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தேன். சிலவற்றைப் படிக்க முடியவில்லையே?

இந்தக் கேள்வி வரும்போது நான் அவசரப்படாமல் பதில் சொல்கிறேன். ஊரில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. உணவைப் பற்றி நேர்மையாக எழுதினால் அது சாதியைப் பற்றி எழுதுவதாகத்தான் முடியும்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில் ஒரு காட்சி. சிறுமியின் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் அதைக் கட்டியிருந்த நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னபோதுதான் காரணம் தெரிகிறது: தாழ்த்தப்பட்டவர் கைபட்டால் பலகாரம் தீட்டாகிவிடுமாம். ஒரு வடைப் பொட்டலமும் ஒரு முழ நூலும் ஒரு குழந்தைக்கு நாட்டின் வரலாற்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டன.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் ஆரோக்கியம் துணி வெளுத்த வீடுகளுக்கு இரவில் போய்ச் சோறு எடுக்கிறாள். அது கூலி. ஆனால் கொடுக்கிறவர்கள் அதைத் தானம் போலக் கொடுக்கிறார்கள். ஒரே பாத்திரத்தில் பல வீட்டுச் சோறும் குழம்பும் வந்து விழுகின்றன. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியச் சிறுவனின் கதை. அவனுக்கு ஊற்றப்படும் கஞ்சியில் எவ்வளவு சோறு, எவ்வளவு தண்ணீர் என்பதை அவனோடு சேர்ந்து நாமும் எண்ணத் தொடங்கிவிடுவோம்.

நாற்பது வயதுப் பெண் ஒருவர் ‘கோவேறு கழுதைக’ளைப் பாதியில் திருப்பிக் கொண்டுவந்தார். சிறுவயதில் தன் வீட்டு வாசலுக்கும் அப்படி ஒரு பெண் வந்ததாகவும், தாமே சோறு போட்டதாகவும் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி வந்து அதே நூலை எடுத்துப் போய் முடித்தார். ஆகவே, படிக்க முடியவில்லை என்றால் மூடி வைக்கலாம், தவறில்லை. அலமாரியில் அது உங்களுக்காகக் காத்திருக்கும்.

கடற்கரையைப் பற்றி?

இரண்டு பேர். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான், உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ். மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) முஸ்லிம் ஊர் ஒன்றின் அதிகாரத்தையும் அச்சத்தையும் சொல்கிறது. மரச்சீனிக் கிழங்கும் மீனும் அந்தக் கரையின் அன்றாடம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) கட்டுமரக்காரர்களின் மூன்று தலைமுறை. கடலில் தொலைந்து தண்ணீருக்குத் தவிக்கும் அத்தியாயங்களைப் படித்தபின் மீன் சந்தையில் நான் விலை குறைத்துக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அடுக்களைக்குள் இருந்து பெண்கள் எழுதியது?

மேலே சொன்ன ஹெப்சிபா, பாமா இருவரோடு சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) கட்டாயம் படிக்க வேண்டியது. முஸ்லிம் வீட்டுப் பெண்கள் சமைத்துக்கொண்டும் பரிமாறிக்கொண்டும் பேசுகிற பேச்சு முழு நாவலையும் தாங்குகிறது. வட்டார எழுத்து என்ற வரையறைக்குள் வராவிட்டாலும் அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையையும் கொடுப்பேன். ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் சமையலறை அது. ஜன்னல் வைத்தோமா, கழுவு தொட்டி எந்த உயரம் என்று யாரும் கேட்டதில்லை. உணவைப் பற்றிப் பேசும் ஆண்கள் அனைவரும் படிக்க வேண்டும்.

கதை வேண்டாம், கட்டுரையாக வேண்டும் என்றால்?

தொ. பரமசிவன். ‘அறியப்படாத தமிழகம்’ 1997இல் வந்த சின்ன நூல். உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை என்று தினமும் கையில் எடுக்கிற பொருள்களைப் பற்றிச் சிறு சிறு கட்டுரைகள். சம்பளம் என்ற சொல்லில் நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த காலம் ஒளிந்திருக்கிறது என்பார். மிளகாய் வருவதற்கு முன் நம் உறைப்பு மிளகிலிருந்து வந்தது, அதனால்தான் ‘கறி’ என்ற சொல் மிளகைக் குறித்தது என்பார். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். ஆனால் அடுத்தநாள் காலை அடுக்களைக்குள் போனால் எல்லாப் பாத்திரமும் ஏதோ சொல்ல வருவதுபோல் இருக்கும்.

காப்பி பிடித்தவர்களுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’. கஞ்சியும் நீராகாரமும் குடித்த வீடுகளுக்குள் காப்பி எப்படி நுழைந்தது, நடுத்தர வர்க்கம் அதை எப்படித் தன் அடையாளமாக்கிக்கொண்டது என்பதற்கு அவர் காட்டும் சான்றுகள் அருமையானவை.

வட்டாரச் சொற்கள் புரியாமல் நடுவில் நிறுத்திவிட்டேன். என்ன செய்வது?

முதல் முப்பது பக்கம் புரிந்தும் புரியாமலும் போகட்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். அதன்பிறகும் தடைபட்டால் சொல்லகராதிகள் இருக்கின்றன. அவற்றையும் இந்த எழுத்தாளர்களே, பல்கலைக்கழகங்களை எதிர்பார்க்காமல் தொகுத்தார்கள். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் சொற்களுக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்குச் சொற்களுக்கும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களுக்கும் அகராதி செய்தார்கள். முந்திரிக் காட்டு வாழ்க்கையை எழுதிய கண்மணி குணசேகரன், தன் மக்களின் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நூல்களை எங்கே வாங்கலாம்? உங்களிடம் இரவல் பெற என்ன விதி?

பெரும்பாலானவை அச்சில் இருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சியிலும் மாவட்டப் புத்தகத் திருவிழாக்களிலும் தேடலாம். வாங்க இயலாதவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். சென்னையில் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை இருக்கின்றன.

என்னிடம் எடுத்தால் ஒரு மாதத்தில் திருப்பித் தர வேண்டும். பக்கத்தை மடிக்கக் கூடாது. ஆனால் பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், எழுதச் சொல்லி நானே கேட்பேன். ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யின் என் பிரதியில் நிலக்கடலை வருகிற ஓர் இடத்தின் பக்கவாட்டில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. விழுப்புரத்துக்காரர் ஒருவர் ‘மல்லாட்டை’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறொருவர் ‘கல்லக்காய்’. கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே சில காலம் தங்கியிருந்த அம்மா ஒருவர் எழுதியது: ‘கச்சான்’. அதன் கீழே இன்னும் இரண்டு விரற்கடை இடம் இருக்கிறது.